‘பிறின்ஸ்’ என்னும் பழைய எஞ்சின்

பழமையானதொரு பொருளைப் பேணுதல் என்பதன் பொருள் யாது? அதனைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துக் காத்தலா, அன்றி அது பிறந்த தொழிலிலேயே அதனை ஈடுபடுத்தி வைத்தலா? ஏடுகளையும் நாணயங்களையும் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிது. இயந்திரத்தைப் பொறுத்தவரை அஃது அத்துணை எளிதன்று. ஓடாத எஞ்சின் எஞ்சினாகாது. ஓடும் எஞ்சினோ நாள்தோறும் தேய்ந்து, தன் பழமையைச் சிறிது சிறிதாக இழந்து வருகின்றது. வேல்ஸ் நாட்டு மலைப் பாதையொன்றில் 1863ஆம் ஆண்டு தொழிலேற்ற ‘பிறின்ஸ்’ என்னும் சிற்றெஞ்சினின் வரலாறு இவ்வினாவை நம் முன்னே நிறுத்துகின்றது.

வட வேல்ஸில் பிளைனவ் பெஸ்ரினியொக் என்பது கற்பலகை வெட்டும் ஊர். மெல்லிய தகடுகளாகப் பிளக்கத்தக்க அக்கல், கூரை வேய்வதற்கு ஓட்டிலும் சிறந்ததெனப் போற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் பெருகப் பெருக அதன் தேவையும் பெருகிற்று. 1842இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் தீக்கிரையானபோது, அதனை மீளக் கட்டுதற்கு வேண்டிய கூரைக் கற்கள் இவ்வூரிலிருந்தும் சென்றன. கல் இருந்தது மலையிலே. கப்பல் நின்றது கடலிலே. இரண்டையும் இணைக்கும் வழி நெடுங்காலம் பொதி சுமக்கும் குதிரையும் ஆற்றுப் படகுமாகவே இருந்தது. ஏற்றி இறக்குந்தோறும் கற்கள் உடைந்து பெருநட்டம் விளைந்தது.

கடற்கரையிலே வில்லியம் மடொக்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், கழிமுகத்துச் சதுப்பு நிலத்தை மீட்கும் நோக்குடன் ஏறத்தாழ ஒரு மைல் நீளமான அணையொன்றை 1811இல் கட்டி முடித்திருந்தார். மறு ஆண்டே புயலில் அவ்வணை உடைப்பெடுத்தது. அப்போது அவ்வூரில் வந்து தங்கியிருந்த இளங்கவிஞர் ஒருவர், அதனைத் திருத்துதற்குப் பணம் திரட்ட முன்வந்தார். அவர் வேறு யாருமல்லர், ஷெல்லியே. கவிஞர்கள் உலகியலறியாதவர் என்று கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. (ஆயின் அவர் அவ்வூரில் நெடுநாள் தங்கவில்லை என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.) அணைக்குக் கல் அகழ்ந்த இடத்துக்கு, மடொக்ஸ் நாடாளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் வகித்த பொஸ்ரன் தொகுதியின் பெயரால் பொஸ்ரன் லொட்ஜ் எனப் பெயர் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அங்கேயே புகையிரதப் பாதையின் வேலைத்தலம் அமைந்தது. நம் எஞ்சினின் வாழ்வில் பாதியேனும் அவ்வேலைத்தலத்தினுள்ளேயே கழிந்தது எனலாம்.

ஹென்றி ஆச்சர் என்னும் வணிகரும் சாமுவேல் ஹொலண்ட் என்னும் சுரங்க உடைமையாளரும் முன்னின்று முயன்றமையால் 1832இல் பெஸ்ரினியொக் புகையிரதச் சட்டம் நாடாளுமன்றில் நிறைவேறியது. ஜேம்ஸ் ஸ்பூனர் நிலமளந்து வழி வகுத்தார். பாதை 1836இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 13½ மைல். தண்டவாளங்களின் இடையகலமோ 1 அடி 11½ அங்குலமே. சுரங்கத்தினுள் ஓடிய தள்ளுவண்டிகள் அப்படியே துறைமுகம்வரை செல்ல வேண்டும் என்பதும், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே குதிரை நடக்க இடம் வேண்டும் என்பதும் அவ்வளவுக்குக் காரணங்களாம்.

ஸ்பூனர் வகுத்த வழியின் நுட்பம் கருதத்தக்கது. மலையூரிலிருந்து கடற்கரையணைவரை எவ்விடத்தும் ஏற்றமின்றி, ஏறத்தாழ 700 அடி உயரத்தைப் பாதை படிப்படியாக இறங்கி வருகின்றது. ஆகவே கல் நிறைந்த வண்டிகளை இழுக்க எவரும் வேண்டியதில்லை. தம் எடையாலேயே அவை கீழே உருண்டு வந்தன. தடைக்கட்டையை அழுத்தி வேகத்தை அடக்குதற்கு ஆட்கள் சிலர் வண்டிகளின்மேல் அமர்ந்திருந்தனர். வெறுமையான வண்டிகளை மேலே இழுத்துச் சென்ற குதிரைகள், கீழே வரும்போது தமக்கென இணைக்கப்பட்ட பெட்டியொன்றில் ஏறி நின்று புல் தின்றுகொண்டே வந்தன. உழைத்த குதிரைக்கு மீள்பயணம் இலவசம்!

தண்டவாளம் இத்துணை ஒடுங்கியிருந்ததன் பயனை மாணவர் ஒரு சிறு கணக்கால் அறியலாம். வளைவொன்றில் வெளித் தண்டவாளம் உட்தண்டவாளத்திலும் நீளமானது. ஆயின் அச்சொன்றிலே இறுகப் பூட்டப்பட்ட இரு சில்லுகளும் ஒரே அளவே சுழல்வன. எனவே ஒரு சில்லு சிறிது வழுக்கியே ஆகவேண்டும். பாதை ஒரு செங்கோணம் திரும்பும்போது இவ்விரு நீளங்களுக்குமுள்ள வேறுபாடு, வளைவின் ஆரை எதுவாயினும், இடையகலத்தை 1.57ஆற் பெருக்கி வரும் தொகையேயாம். பெஸ்ரினியொக் பாதையில் அது 3 அடி 1 அங்குலம் அளவினது. 5½ அடி அகலமான நம் இலங்கைப் பாதையிலோ அது 8 அடி 7 அங்குலத்துக்கு மேலாகும். மலைச்சரிவின் ஒவ்வொரு மடிப்பையும் தழுவி வளைந்து செல்லவேண்டிய பாதைக்கு ஒடுக்கம் ஒரு குறையன்று, நலமே என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் அவ்வொடுக்கமே நீராவி எஞ்சினுக்குத் தடையாயிருந்தது. எஞ்சினின் தீப்பெட்டி சில்லுகளுக்கிடையே அடங்க வேண்டும். இடம் குறுகினால் நெருப்புத் தட்டு சிறிதாகும். நெருப்புக் குறைந்தால் நீராவி குறையும். நீராவி குறைந்தால் இழுவை இல்லை. இரண்டடிக்குட்பட்ட பாதையிற் பயன்தரும் எஞ்சின் செய்தல் இயலாதென்றே அக்காலப் பொறியியலாளர் பலர் எண்ணினர். ஆனால் 1850களின் பின் கல்லின் தேவை மிகுந்து, வெற்று வண்டிகளை மேலே சேர்த்தல் குதிரைகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாயிற்று. தந்தைக்குப்பின் பாதையை நடத்திய சாள்ஸ் ஈஸ்ரன் ஸ்பூனர் எஞ்சின் வேண்டுமெனத் துணிந்தார். இலண்டனின் ஹற்சம் தொழிற்சாலை உரிமையாளரான ஜோர்ஜ் இங்கிலண்ட் அப்பணியை ஏற்றார்.

1863ஆம் ஆண்டு கோடையில் எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. அக்காலத்திற் போத்மடொக் துறைமுகத்துக்குப் பெரும்பாதைப் புகையிரதம் எட்டவில்லை. ஆதலின் உலகை மாற்றவந்த நீராவி எஞ்சின்கள் கார்நாவனிலிருந்து குதிரை வண்டிகளிலே ஏற்றிக் கொண்டுவரப்பட்டன! ‘மவுண்டனியர்’, ‘பிறின்சஸ்’, ‘பிறின்ஸ்’, ‘பாமஸ்ரன்’ என நான்கு எஞ்சின்கள் 1864க்குள் பணியேற்றன. பாமஸ்ரன் பிரபு அந்நாளிற் பிரித்தானியப் பிரதமர். அவர் அவ்வூர்க் கற்பலகைச் சுரங்கக் கம்பனியொன்றிலும் தொடர்புடையவர். 1863ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் இளவரசரின் திருமணம் நிகழ்ந்தது. இளவரசன், இளவரசி என்னும் எஞ்சின் பெயர்கள் அவ்வாண்டில் எழுந்தமை தற்செயலன்று என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

‘பிறின்ஸ்’ அன்று இருந்த தோற்றத்தை இன்றுள்ள தோற்றத்தைக் கொண்டு ஊகித்தல் கடினம். நான்கு சில்லுகள், ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம். இரு சிலிண்டர்கள், ஏறத்தாழ எட்டங்குல விட்டமும் பன்னிரண்டங்குல ஓட்டமும் உடையன. நிலக்கரியைச் சுமக்கப் பின்னே ஒரு சிறு வண்டி. சாரதிக்குக் கூரையில்லை, வேல்ஸ் மலைகளில் மழையில்லாத நாள் அரிது என்பதை நினைவிற் கொள்க. குறுகிய சில்லிடைத் தூரமும் முன்னும் பின்னும் நீண்ட உடலும் உடைமையால், விரைந்து செல்லும்போது எஞ்சின் முன்பின்னாகத் தலையாட்டியது. இக்குறையை உணர்ந்தே 1867இல் வந்த ‘வெல்ஷ் போனி’, ‘லிற்றில் ஜயன்ற்’ என்னும் இரண்டும் சற்று நீண்ட சில்லிடைத் தூரத்துடன், கொதிகலனின்மேற் சேணம்போற் கவிந்த நீர்த்தொட்டியும் கொண்டு செய்யப்பட்டன. தண்ணீரின் எடை சில்லுகளை அழுத்தி நிற்றலால் அவை தண்டவாளத்தில் வழுக்காது பற்றுகின்றன. ‘பிறின்ஸ்’ எஞ்சினுக்கும் பின்னர் இத்தகைய சேணத்தொட்டி பூட்டப்பட்டது.

இவ்வெஞ்சின்கள் வெற்று வண்டிகளை மேலே இழுத்தன; கற்பாரம் முன்போலத் தன் எடையாலேயே கீழே உருண்டது. 1865இற் பயணிகளை ஏற்றுதற்கு அரசின் அனுமதியும் கிடைத்தது. பிரித்தானியாவில் ஒடுங்கிய பாதையொன்றிற்கு அத்தகைய அனுமதி கிடைத்தது அதுவே முதன்முறை. 1869இல் றொபேட் பெயர்லி என்பவர் அமைத்த ‘லிற்றில் வொண்டர்’ என்னும் இரட்டை எஞ்சின் வந்தது. நடுவே தீப்பெட்டி, இருபுறமும் கொதிகலன், இரு தனித்தனித் திரும்புசட்டங்கள். இந்தப் பெயர்லி, முன்னர் ஜோர்ஜ் இங்கிலண்டின் மகளைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக மணந்து, மாமனாரால் நீதிமன்றுக்கு இழுக்கப்பட்டவர். வழக்கு நிலைக்கவில்லை, பிற்காலத்தில் மாமனாரின் தொழிற்சாலையையே மருமகன் ஏற்று நடத்தினார். பொறியியல் வரலாற்றிலும் நாடகத்துக்குக் குறைவில்லை.

1870இல் ருசியப் பேரரசின் ஆணைக்குழுவினர் வந்து இவ்வெஞ்சின்களின் சோதனையோட்டத்தைக் கண்டனர். மலையும் வறுமையும் உள்ள நாடுகளுக்கு ஒடுங்கிய பாதையே ஏற்றது என்னும் கொள்கை இங்கிருந்தே உலகெங்கும் பரவிற்று. 1881இல் முற்றுப்பெற்ற டார்ஜிலிங் பாதை இரண்டடி அகலத்தது. நம் நாட்டில் ஓடிய களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் இரண்டரையடி அகலத்ததாய் அக்கொள்கையின் காலத்தைச் சேர்ந்ததே. 1990களில் அது அகன்ற பாதையாக மாற்றப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். மலிவான ஓடுகள் வந்தன. கல்லின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டி பயணிகளைக் கவர்ந்தது. 1939இற் போர் தொடங்கியதும் பயணிகள் சேவை நின்றது. 1946 ஆகஸ்ட் முதலாம் நாள் கற்பாரச் சேவையும் நின்றது. இறுதி வண்டியை இழுத்தது ‘பிறின்சஸ்’. தொழிலாளர் கருவிகளை வைத்தவிடத்தில் வைத்துவிட்டு வீடு சென்றனர். வண்டிகள் நின்றவிடத்திலேயே நின்றன. பாதையின்மேல் முட்செடியும் மரமும் வளர்ந்தன.

ஆயினும் தண்டவாளங்கள் பெயர்க்கப்படவில்லை. இதற்குக் காரணம் எவருடைய அன்புமன்று, ஒரு சட்டக்குறையே. 1832ஆம் ஆண்டுச் சட்டம் பாதை அமைத்தற்கு அதிகாரம் வழங்கிற்றேயன்றி, அதனைக் கைவிடுதற்கு வழி கூறவில்லை. கைவிடுவதாயின் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், கம்பனியிடமோ பணமில்லை. 1990இல் வடபகுதிப் புகையிரதம் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் மறைந்த வெறும் அணைமேட்டைப் பார்த்து, 2014வரை யாழ்ப்பாணத்துக்கு வண்டி வரக் காத்திருந்த நமக்கு, பெயர்க்கப்படாத தண்டவாளத்தின் அருமை நன்கு விளங்கும்.

1951இல் வேல்ஸிலேயே தலித்லின் என்னும் மற்றொரு சிறு பாதையை எழுத்தாளர் றோல்ற் முதலியோர் தொண்டர்களாகக் கூடி மீட்டனர். அதனைக் கண்ட பதினேழு வயது இளைஞர் ஒருவர், பெஸ்ரினியொக் பாதையையும் மீட்கலாமே எனக் கருதி அவ்வாண்டே பிறிஸ்ரல் நகரிற் கூட்டமொன்று கூட்டினார். பேச்சுவார்த்தைகள் நீண்டன, பழைய கம்பனியின் கடனோ பெரிது. 1954இல் அலன் பெக்லர் என்பவர், தம் தந்தையார் அளித்த 3,000 பவுண் கடனைக் கொண்டு கம்பனியின் கட்டுப்பாட்டைப் பெற்றார். பெற்ற பங்குகளைத் தமக்கென வைத்துக்கொள்ளாது அறக்கட்டளையொன்றிடம் ஒப்புவித்தார். தனியொருவர் உடைமையாயின் அவர் காலத்தோடு முடியும் என்பதை உணர்ந்த செயல் அது.

அப்போது பொஸ்ரன் லொட்ஜ் வேலைத்தலத்திற் கிடந்த எஞ்சின்களுள் எதனை முதலில் உயிர்ப்பிப்பது என்னும் கேள்வி எழுந்தது. விடை முன்னரே ஆயத்தமாயிருந்தது. ‘பிறின்ஸ்’ எஞ்சின் போருக்கு முன்பே திருத்தத்துக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதற்கென வாங்கப்பட்ட புதிய கொதிகலனும், பாதை மூடப்பட்டமையால் பூட்டப்படாமலே அங்கு கிடந்தது. திருத்தம் தாமதித்தமையே அதற்கு வாழ்வளித்தது என்பது வியப்பு. 1955 ஜூலை 23ஆம் நாள், போத்மடொக்கிலிருந்து பொஸ்ரன் லொட்ஜ்வரை, அணையின்மேலுள்ள ஒரு மைல் தூரத்துக்குச் சேவை மீளத் தொடங்கிற்று. முதல் வண்டியை இழுத்தது ஒரு சிறு பெற்றோல் எஞ்சினே. சில நாள்களில், ஆகஸ்டில், ‘பிறின்ஸ்’ நீராவியுடன் வந்து அதன் இடத்தைப் பெற்றது. 92 வயதான எஞ்சின், தான் முதன்முதல் ஓடிய அதே அணையின்மேல் மீண்டும் ஓடியது.

பின்னர் ஆண்டுக்கோர் ஊராகப் பாதை மலையேறிற்று. 1956இல் மின்போர்த், 1957இற் பென்றின், 1958இல் தானபுல்க். அதற்கும் மேலே மின்சார நீர்த்தேக்கமொன்று பழைய பாதையின் ஒரு பகுதியை மூழ்கடித்திருந்தது. மனந்தளராத தொண்டர்கள் 1965 முதல் மலையைக் குடைந்து புதுவழி வெட்டினர். உயரம் பெறுதற்காகப் பாதை தன்னைத்தானே சுற்றி மேலேறும் வளையமொன்றையும் அமைத்தனர். 1982 மே மாதம் வண்டி மீண்டும் பிளைனவ் பெஸ்ரினியொக்கை அடைந்தது. ஆசிரியரும் மாணவரும் எழுதுவினைஞரும் விடுமுறை நாளில் மண்வெட்டி பிடித்து வெட்டிய வழி அது. இதனைப் படித்தபோது நான் சிறிது நாணினேன் என்பதை ஒளிக்கவில்லை. எங்கள் பாடசாலை வேலியைத் திருத்தச் சிரமதானம் அழைத்தாலே எத்தனைபேர் வருகிறோம்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இக்கதையை வகுப்பிற் கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், கொதிகலன் புதிது, தண்ணீர்த் தொட்டி புதிது, சாரதிக்கூடு புதிது என்றால், அதை 1863இல் செய்த எஞ்சின் என்று எப்படிச் சொல்லலாம்?” எனக் கேட்டான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டாக் எழுதியதும், தேரின் அச்சோ சில்லோ தேராகுமா என நாகசேனர் மிலிந்த மன்னனை வினவியதும் நினைவுக்கு வந்தன. ஆனால் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அவை விடையாகா.

கொதிகலனின் இயல்பை அறிந்தால் வினாவின் ஒரு பாதி தீரும். நெருப்பு ஒருபுறமும் அழுத்தமிக்க நீர் மறுபுறமும் தாக்க, அதன் தகடுகள் ஆண்டுதோறும் மெலிகின்றன. நீரிலுள்ள உப்புக்கள் குழாய்களிற் படிந்து அரிக்கின்றன. தேய்ந்த கொதிகலனை வைத்திருத்தல் பழமை பேணலாகாது, உயிராபத்தாகும். நீராவிக் காலத்திலேயே கொதிகலன் மாற்றப்படும் பொருளாகவே கருதப்பட்டது. விக்ரோறியா அரசி காலத்திலேயே ‘பிறின்ஸ்’ எஞ்சின் பலமுறை பிரித்துப் புதுக்கப்பட்டது. ஆதலின் மாற்றம் அதன் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அதன் வரலாறே மாற்றந்தான். நம்மூர்த் தேருக்கும் இஃதொக்கும். பாட்டனார் காலத்தில் வடம் பிடித்த தேரின் சில்லும் அச்சும் எத்தனை முறை மாறியிருக்கும்! ஆயினும், இது வேறு தேர் என ஊரில் எவரேனும் கூறியதுண்டோ? இதனையே அம்மாணவனுக்குச் சொன்னேன். அவன் சிறிது யோசித்து, “அப்படியென்றால் பழைய சில்லை எங்கே வைத்திருக்கிறார்கள்?” என மறுபடியும் கேட்டான்.

அவ்விரண்டாம் வினாவே கூரியது. ஓடும் எஞ்சின் தொழிலைப் பேணுகின்றது, சான்றைப் பேணுவதில்லை. பழைய தச்சன் எவ்வாறு ஆணி அறைந்தான், கொல்லன் தகட்டை எவ்வாறு வளைத்தான் என்பவற்றை அறிய விரும்பும் ஆய்வாளனுக்கு, திருத்தப்படாத எஞ்சினே ஏடு. பெஸ்ரினியொக்கில் உடன்பிறப்புக்கள் வெவ்வேறு விதி பெற்றமை இவ்வகையில் நற்பேறாயிற்று. ‘மவுண்டனியர்’, ‘லிற்றில் ஜயன்ற்’ இரண்டும் முன்னரே பிரித்தழிக்கப்பட்டன. ‘பாமஸ்ரன்’ சிதைந்து கிடந்து, 1993இல் மீண்டும் நீராவி பெற்றது. ‘வெல்ஷ் போனி’ போத்மடொக் நிலையத்தின் வெளியே மழையிலும் உப்புக் காற்றிலும் பல ஆண்டு காட்சிப்பொருளாக நின்று துருவேறியது. வெட்டவெளியில் நிறுத்துதல் பேணலன்று என்பதற்கு அதுவே சான்று. பல பகுதிகள் புதிதாக வார்க்கப்பட்டு 2020இல் அது ஓடத் தொடங்கிற்று. ‘பிறின்சஸ்’ மட்டும், 1946இல் இறுதி வண்டியை இழுத்தபின் மீண்டும் நெருப்புக் காணாது, கூரையின்கீழ் அமைதியாக வைக்கப்பட்டது. 2013இல் இவ்வெஞ்சின்களின் நூற்றைம்பதாம் ஆண்டு வந்தபோது, ‘பிறின்சஸ்’ இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெரும் புகையிரத நிலையத்திற் பயணிகள் காண நிறுத்தப்பட்டது. ‘பிறின்ஸ்’ தன் மலைப் பாதையிற் புகை கக்கி ஓடியது.

‘பிறின்சஸ்’ எஞ்சினையும் ஓடவைக்க வேண்டும் என விரும்புவோர் இருத்தல் இயல்பே. என் கருத்து அதற்கு மாறானது. ஒன்று ஓடட்டும், ஒன்று நிற்கட்டும். ஓடுவதைக் கண்டு சிறுவர் எஞ்சினை நேசிப்பர். நிற்பதைத் தொட்டு அளந்து அறிஞர் உண்மை காண்பர். அடுத்த தவணையில் ‘பிறின்ஸ்’, ‘பிறின்சஸ்’ இரண்டின் படங்களையும் அருகருகே சுவரில் ஒட்டி, எவை பழையன, எவை புதியன என்று குறிக்குமாறு அம்மாணவனிடமே விடுவதாக இருக்கிறேன்.